திருத்தக் கோடு

சஸ்காச்சுவனை வரைய
ஒரு அடிமட்டம் போதும் என்பார்கள்.
தெற்கே நாற்பத்தொன்பதாம் பாகை, வடக்கே அறுபது,
மேற்கே நூற்றுப்பத்து.
மலையோ கடலோ எல்லைக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.
கிழக்கு எல்லை மட்டும்
உற்றுப் பார்த்தால் படிக்கட்டு.
பிள்ளைகள் அதையும் நேராகவே இழுக்கிறார்கள்.
முழு மதிப்பெண் கிடைக்கிறது.

வடபாதி கட்டத்துக்குள் அடங்கவில்லை.
பாறை, ஊசியிலைக் காடு, லட்சம் ஏரி.
அவ்வளவு தண்ணீருக்கும் சட்டமன்றத்தில்
இரண்டே நாற்காலி.

நான் தென்பாதிக்காரி. எலெய்ன் ட்ரோட்டியே.
ஊராட்சியின் கிரேடர் ஓட்டுகிறேன்.
என் முன்னோர் ஆற்றைப் பார்த்து
நாடா நாடாவாக நிலம் பிரித்த மேட்டி மக்கள்;
சதுரம் பிறகுதான் வந்தது, அரசாங்கத்தோடு.
இப்போது அந்தச் சதுரத்தின் ஓரங்களைச் சீவித்தான்
எனக்குச் சம்பளம்.

சொல்ல வந்தது வேறு.

உருண்டைமேல் சதுரம் ஒட்டாது.
வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கிவிடும்.
அதனால் இருபத்துநான்கு மைலுக்கு ஒருமுறை
அளவைக்காரர்கள் பழையதை விட்டுவிட்டுப்
புதிதாக அளக்கத் தொடங்கினார்கள்.
அந்த இடத்தில் சாலை திடுமென முறியும்.
கொஞ்ச தூரம் கிழக்கே நடந்து
மறுபடி வடக்கே திரும்பும்.
ஊர்க்காரர்களுக்குக் கை தானாக வளையும்.
வெளியாட்கள் நேரே போவார்கள்,
தோர்டிஸ் ட்வெய்ட்டின் கடுகு வயலுக்குள்.

நவம்பர் கூட்டத்தில் மூன்றாவது பொருள்:
திருத்தக் கோட்டுச் சாலை, மேற்கே மூன்று மைல்,
பனி அகற்றுவதை நிறுத்துதல்.
ஒரே ஒரு வீடு. மதகு மாற்ற எண்பதாயிரம் டாலர்.
தோர்டிஸ் தேன்பெட்டி தூக்கும் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"ஒன்பது குளிர்காலம், பதினொரு வண்டி" என்றாள்.
"ஒன்றரை மைல் தள்ளியிருந்தாலும்
நின்றுபோன விளக்கு என் சமையலறைக்குத் தெரியும்.
டிராக்டர் எடுத்துப் போய் இழுக்கிறேன்.
ஒரு பையன் காலணியில்லாமல் இருந்தான்.
நான் டவுனுக்குக் குடிபோய்விட்டால்
யார் பார்ப்பது?"

மூன்று கை ஆதரவு, மூன்று கை எதிர்ப்பு.
தலைவர் மெட்ரோ ஹ்லூஷ்கோ
மேஜை விளிம்பில் வறண்டிருந்த காப்பி வட்டத்தை
நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.
பிறகு கை தூக்கினார், நிறுத்துவதற்கு.
குறிப்பேட்டில் மதகின் விலை ஏறியது.
காலணியில்லாத பையன் ஏறவில்லை.

அவள் குடிபோகவும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி.
ஊதுபனி. என் விளக்கின் வெளிச்சமே
என் முகத்தில் வந்து மோதியது.
பதினேழு வருடமாக இந்தச் சாலை
என் உள்ளங்கைக்குள் இருக்கிறது என்று பேசித் திரிந்தவள்தான்.
ஏதோ யோசனை. என்ன யோசனை என்றுகூட நினைவில்லை.
கை வளையவில்லை.
பதினெட்டு டன் மஞ்சள் இரும்போடு
நேரே போனேன்.

எஞ்சின் அணைந்ததும் அவ்வளவு அமைதி.
மேற்கே, நான் மூன்று மாதமாகச் சீவாத சாலையில்,
இரண்டு சிறு விளக்குகள்
மூழ்கியும் எழுந்தும் வந்தன.
கிரேடரை அவள் டிராக்டர் இழுக்காது.
இருவருக்கும் தெரியும்.
ஏறி வந்து கதவைத் திறந்தவள்
"பன்னிரண்டு" என்றாள்.
பிளாஸ்க்கை நீட்டினாள்.

மறுநாள் அலுவலகத்தில் படிவம் நிரப்பினேன்.
இடம்: பகுதி எண், டவுன்ஷிப் எண், வரிசை எண்.
நேரம்: பதினொன்று நாற்பது.
கோடையிலும் கடிகாரத்தைத் திருப்பாத மாகாணம் இது,
நேரத்தில் மட்டும் சந்தேகமே வராது.
காரணம் என்ற கட்டத்தில்
'பூமி உருண்டை' என்று எழுதினேன்.

எழுத்தர் அதை அடித்துவிட்டுப்
'பனி' என்று போட்டுக்கொண்டாள்.